மார்ஃபின் வேண்டாம் என்றேன்

சென்ற மாதம் மும்பை செம்பூரில் எனக்குப் பித்தப்பையை அகற்றினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, கல்யாண விருந்து முடிந்து வந்த இரவில், வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டையின் பின்புறம் வரை ஏறி, விடியும்வரை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. அவசரப் பிரிவில் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிக்கே அது அடங்கியது.

அறுவைக்கு முதல்நாள் வந்த மயக்க மருந்து மருத்துவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஆடும் பல் உண்டா, குறட்டை உண்டா என்று கேட்டார். நான் இல்லையென்று வாயெடுப்பதற்குள், "மாடி வீட்டுக்கே கேக்கும் டாக்டர்" என்றாள் மனைவி. மருத்துவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்குபவை என்பதால், உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறவருக்கு அளவிலும் கண்காணிப்பிலும் கூடுதல் கவனம் வேண்டுமாம்.

மாட்டுங்காவில் நெடுங்காலம் மருந்துக்கடை வைத்திருந்த பெரியப்பா, பித்தப்பைக் கல் வலிக்கு மார்ஃபின் ஆகாது, அதே அபின் வகையிலுள்ள பெதிடின்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை மருத்துவரிடம் அப்படியே ஒப்பித்தேன். பித்தநாளம் சிறுகுடலில் சேரும் வாயிலில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. 1887-இல் அதை ஆராய்ந்து எழுதிய இத்தாலியரான ஓடியின் பெயரே அதற்கு. மார்ஃபின் அதை இறுக்கி வலியைக் கூட்டும் என்பதே பழைய அச்சம். ஆனால் பெதிடினும் அதை இறுக்கக்கூடியதே என்றும், போதாததற்கு அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் சேர்ந்துவிட்டால் வலிப்பு வரலாம் என்றும் மருத்துவர் விளக்கினார்.

வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயின் துணையோடு பித்தப்பையை எடுக்கும் முறையை இந்தியாவில் 1990-இல் தொடங்கிவைத்தவர் இதே நகரத்து ஜே.ஜே. மருத்துவமனையின் டெஹம்டன் உத்வாடியா. வயிற்றைக் கிழிக்காததால் பெரிய வலி இராது என்று எண்ணியிருந்தேன். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தில் உறங்கி விழித்தபோது, மரத்துப்போகும் மருந்து செலுத்தியிருந்த துளைகள் சும்மா இருக்க, வலது தோள் குடைந்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பு வலியைத் தோளில் காட்டுகிறது. இன்னும் வலுவான ஊசி கேட்டேன். செவிலியர் பாராசிட்டமால் கொடுத்து, கையைப் பிடித்து நடக்கவைத்தார். மூன்றாம் நாள் அது தானாகவே போய்விட்டது.

டிஸ்சார்ஜ் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பெரியப்பா, ஃபென்டனில் என்ற வரியில் விரலை நிறுத்தி, "பெதிடின் போடலையாடா?" என்றார்.