கிராண்டில் பெயர் இல்லாத அண்டை வீட்டார்

மாநகர் மன்றத்தில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது பார்க்கிங் கம்பவுண்டை, அதாவது அபராதச் சீட்டைப் பற்றித்தான். "தம்பி, ஒண்ணு வந்திருக்கு, கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கச் சொல்லேன்." அது வேறு இலாகா என்று விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் வந்துவிடும். அடுத்தது லோங்காங் (சாக்கடை) அடைப்பு, அப்புறம் தெருநாய். பக்கத்தில் என்ன கட்டப்போகிறார்கள், எத்தனை மாடி என்று கேட்பவர் அபூர்வம். எதிரே தகர வேலி எழும்பிய பிறகுதான் அந்த ஞாபகமே வரும்.

நான் இருப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில், திட்டமிடல் பிரிவில். யாராவது கட்டடம் கட்ட விண்ணப்பித்தால் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்புவது, வரும் ஆட்சேபங்களைத் தொகுப்பது, விசாரணைக்கு நாள் குறிப்பது எல்லாம் எங்கள் மேசையில் நடக்கும். மலாயில் பேசத் தயங்குபவர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எடுத்துச் சொல்வதும் என் தலையில்தான்.

ஒவ்வொரு வாரமும் ஓஎஸ்சி எனும் ஒரே இட விண்ணப்ப மையத்தின் கவுண்டரில் புதுக் கோப்புகள் சேரும். 2007இல் இந்த முறை வருவதற்கு முன் ஆலோசகர்கள் வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இலாகாவாக ஏறி இறங்குவார்கள். இப்போது ஒரே இடத்தில் கொடுத்தால் போதும். பொறியியல், தீயணைப்பு, வடிகால் என்று எல்லாருக்கும் அங்கிருந்தே பிரதி போய்விடும். அவரவர் கருத்து திரும்பி வந்ததும் குழுவின் முன் வைப்பார்கள். மேயரும் 24 உறுப்பினர்களும் கூடும் முழு மன்றக் கூட்டம் எஸ்பிளனேட் திடலுக்கு எதிரே, 1903இல் கட்டிய வெள்ளைக் கட்டடத்தில் நடக்கும். பத்திரிகைக்காரர்களும் கேமராவும் அங்கேதான். ஆனால் ஒரு தெருவின் தலையெழுத்து பெரும்பாலும் அதற்கு முன்பே, எங்கள் அலுவலகம் இருக்கும் கொம்தார் கோபுரத்தின் மாடிகளில் ஏதோ ஓர் அறையில், இணைப்பு ஏழு, இணைப்பு எட்டு என்று புரட்டும்போதே முடிவாகிவிடும்.

வரும் கோப்புகளில் பாதி சில்லறை விஷயம். சமையலறையைப் பின்னால் நீட்டுவது, கார் நிறுத்தக் கூரை போடுவது, கடைவீட்டை ஹோட்டலாக மாற்றுவது. மீதியில்தான் தலைவலி. பழைய பங்களாவை இடித்துவிட்டு நாற்பது மாடி வேண்டும் என்பார்கள். அல்லது மலையடிவாரம். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலோ, 25 டிகிரிக்கு மேல் சரிவிலோ இருந்தால் அது மலைநிலம். அதில் கை வைப்பது லேசில் முடியாது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சரிவு என்ற சொல் வந்தாலே கூட்ட அறையில் பேனாக்கள் நிற்கும். நிற்கவும் வேண்டும்.

சரி, ஆட்சேபத்துக்கு வருகிறேன். 1976ஆம் ஆண்டின் நகர, புறநகர்த் திட்டமிடல் சட்டத்தை அதன் எண் 172 என்பதால் நாங்கள் 'ஒன் செவன் டூ' என்றுதான் சொல்வோம். உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். அதற்குள் காரணம் காட்டி ஆட்சேபிக்கலாம், நேரில் வந்தும் பேசலாம். அண்டை நிலம் எது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒட்டியிருக்கும் நிலம் சேரும். நடுவில் 20 மீட்டருக்கு மிகாத ரோடோ சந்தோ லோங்காங்கோ இருந்தால் எதிர்ப்பக்கமும் சேரும். முட்டுச்சந்தாக இருந்து இவர்கள் போகும் வழியே அவர்களுக்கும் வழி என்றால் 200 மீட்டர் வரைக்கும் சேரும். மீட்டர் கணக்கில் சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே 'உரிமையாளர்' என்று எழுதினேனே, அதை யாரும் நின்று கவனிப்பதில்லை. கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் இருப்பவருக்குத்தான் கடிதம். அந்த வீட்டில் இருபது வருடமாக வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டார் ஆகமாட்டார்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு விசாரணை. பழைய வரிசை வீடுகளை ஒட்டிய காலி நிலத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம். ஆட்சேபித்தவர்களில் ஓர் அம்மா, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தி ஓய்ந்தவர். கிளினிக் மருந்து உறை ஒன்றில் புகைப்படங்களைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் சுவர் வெடிப்பின் பக்கத்தில் ஒரு இருபது காசு நாணயத்தை விரலால் பிடித்திருந்தார், அகலம் தெரிவதற்காக. சில பொறியாளர் அறிக்கைகளில்கூட அவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை. "தம்பி, துவான்கிட்ட சொல்லுங்க, இது பழைய வெடிப்பு இல்லை. போன தடவை அந்தப் பக்கம் பைலிங் அடிச்சப்ப வந்தது. சாமி மேடையில விளக்கு நிக்கல."

மேம்பாட்டாளரின் ஆலோசகர் போக்குவரத்து அறிக்கை, அடர்த்தி, பசுமைப் பகுதி விழுக்காடு என்று வரிசையாகப் படம் போட்டார். அம்மா அதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு மறுபடி நாணயப் படத்தையே முன்னால் தள்ளினார். கண்டிப்பாகப் பார்த்தால் சுவர் வெடிப்பு திட்டமிடல் விஷயத்தில் சேராது. அது கட்டுமானக் கட்டத்தில், வேறு சட்டத்தின் கீழ் வரும். தலைவர் அப்படிச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மேசையின் ஓரத்தில் இருந்த பொறியாளர் படத்தை வாங்கி, "எந்தச் சுவர்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் அனுமதியில் இரண்டு நிபந்தனைகள் ஏறின. அஸ்திவாரத் தூண்களைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பைலிங் கூடாது, அழுத்தி இறக்கும் முறைதான். வேலை தொடங்கும் முன் அண்டை வீடுகளின் நிலையைப் படமெடுத்து அறிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

அம்மா கேட்டது மாடியைக் குறைக்கச் சொல்லி. அது குறையவில்லை. வருகிறவர்களில் பலர் திட்டத்தையே நிறுத்தலாம் என்று நம்பி வருகிறார்கள். கையில் கிடைப்பது நிபந்தனை. அது ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு அந்த அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டுப் பையன், கைக்குழந்தைக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், வெடிப்பும் ஒன்றுதான். அவன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் வாடகைக்குத்தான் இருக்கிறான், வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறார். எங்கள் கடிதம் அவர் பெயருக்குப் போனது, பதில் வரவில்லை. "அவனையும் உள்ளே கூப்பிடுங்களேன், அவன் வீட்டுச் சுவர்தானே என் வீட்டுச் சுவரும்" என்றார் அம்மா. ஆட்சேபம் தெரிவித்த உரிமையாளர்தான் உள்ளே வரலாம் என்று சொல்லவேண்டியவன் நான். சொன்னேன்.

நம் ஆட்களில் இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் அதிகம். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் மேல்மாடிகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா குடும்பமும் அதில் ஒன்று. அந்தச் சட்டம் 1997இல் ரத்தாகி, 1999 முடிவோடு அவகாசமும் தீர்ந்ததும் பலர் ஆயர் ஈத்தாம், குளுகோர் பக்கம் ஃபிளாட்டுகளுக்கு நகர்ந்தார்கள், அங்கேயும் வாடகைக்குத்தான். கம்போங் புவா பாலா கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த இடம், கையில் இருந்ததோ தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 2009இல் வழக்கு தோற்று வீடுகள் இடிபட்டன.

இதற்காக ஆட்சேபிக்கிற உரிமையாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள், வாடகைக்காரர் எல்லாரும் பாவம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சேபக் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு மூக்கு வந்துவிட்டது. வக்கீல் எழுதியது, பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பார்த்து எழுதியது, நிஜமாகவே பயந்து எழுதியது, எல்லாம் இரண்டாவது வரியில் பிடிபடும். மலிவு விலை வீட்டுத் திட்டத்துக்கு எதிராக வரும் கடிதங்கள் தனி ரகம். 42,000 வெள்ளி (ரிங்கிட்) வீடு, 72,500 வெள்ளி வீடு என்று விண்ணப்பத்தில் இருந்தால் போதும். நெரிசல், பார்க்கிங், குப்பை, பாதுகாப்பு என்று அழகான மொழியில் நான்கு பக்கம் வரும். அதே தெருவில் அதைவிட உயரமாக ஆடம்பரக் கொண்டோமினியம் வந்தபோது அதே கையெழுத்துகள் பார்க்கிங் பற்றி ஒரு பக்கத்தோடு நின்றிருக்கும். அந்த மலிவு வீட்டில் குடியேறப் போகிறவருக்கோ விசாரணையில் இடமே கிடையாது. அவர் இன்னும் யாரென்றே தெரியாது.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் படித்தபோது இதுதான் மனதில் ஓடியது. பூங்கா நிலத்தில் உயர்மாடிகள் கட்டத் தந்த அனுமதி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அனுமதித்ததற்கு டத்தோ பண்டார், அதாவது அந்நகர மேயர், காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் சொன்னது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய தீர்ப்பு, எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அதே திட்டத்துக்குள்தான் பக்கத்து நீண்ட வீடுகளில் எண்பதுகளிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்த முன்னாள் ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களின் வீடுகளும் இருந்தன. பூங்கா பிழைத்த நாளில் அவர்களுடைய வரிசை மறுபடி நீண்டது. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டிவைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஃபிளாட்டுகளிலும் இதே கதைதான். கட்டட ஆணையர் பிரிவில் இருக்கும் நண்பர் வாரத்துக்கு வாரம் புலம்புவார். அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015இல் அமலுக்கு வந்தபின் புகார் எங்கே போகவேண்டும் என்பதாவது தெளிவாகிவிட்டது. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு வீட்டு உரிமையாளருக்குத்தான், அதுவும் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லாமல் இருந்தால். பாதிப் பேர் வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறெங்கோ இருப்பார்கள், மீதிப் பேரில் பலருக்குப் பாக்கி. கூட்டம் சேராவிட்டால் அரைமணி நேரம் காத்திருந்து வந்தவர்களை வைத்தே நடத்தலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி ஏழெட்டுப் பேர் சேர்ந்து லிஃப்ட்டைப் பற்றி முடிவெடுப்பார்கள். பதினான்காவது மாடிக்கு அரிசி மூட்டை தூக்குகிற வாடகைக்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய பழுதுகளுக்கு மாநில அரசின் நிதி 80 விழுக்காடு வரை ஏற்கிறது, நல்ல காரியம். மீதி இருபதைத் திரட்டுவதற்குள்தான் அடுத்த பழுது வந்துவிடுகிறது.

ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வாடகைக்காரருக்கும் ஒரு பிடி இருக்கும். ஜோர்ஜ்டவுனில் 1951இலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957இல் நகர அந்தஸ்து கிடைத்தபோது முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது, அந்தப் பக்கம் கார் ஓட்டுகிற நம் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோடு நியமனமே நிரந்தரமானது. பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் போட்ட சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நியமனத்தில் வந்த உறுப்பினர்களில் கால் தேய நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிறார்கள். வராதவரைத்தான் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. இந்த 21ஆம் பிரிவுக் கடிதமே உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான். திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அண்டை வீட்டாரைக் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் போய்விடும். ஆட்சேபிக்கும் வாய்ப்பு வரைவுத் திட்டத்தைப் பொதுப்பார்வைக்கு வைக்கும்போதே வந்து போகிறது. தீவின் வரைவுத் திட்டத்தை 2022இல் வைத்தார்கள். வண்ணம் தீட்டிய வரைபடத்தில் தன் தெரு எங்கே, அது மஞ்சளா ஆரஞ்சா என்று தேடும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு. அங்கே கிராண்ட் கேட்பதில்லை. வாடகைக்காரரும் எழுதலாம். அதனால் கோயிலிலோ கல்யாணத்திலோ யாராவது கம்பவுண்டைப் பற்றிக் கேட்டால், அடுத்த முறை வரைபடம் வைக்கும்போது வந்து பாருங்கள் என்று நானும் விடாமல் சொல்கிறேன். பெரும்பாலோர் பாயசத்தில் கவனமாகிவிடுகிறார்கள்.

ஜெலுத்தோங் கோப்பில் நிலையறிக்கை எடுக்க வேண்டிய கட்டம் வந்தது. மேம்பாட்டாளர் அமர்த்திய நிறுவனத்துக்காரர்கள் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் படமெடுக்க வேண்டும். அந்தத் தம்பியின் வீட்டுக்காரர் பெர்த்திலிருந்து மின்னஞ்சலில் சம்மதம் அனுப்பிவிட்டார். கதவைத் திறக்க ஆள் வேண்டுமே. "குடியிருப்பவர் போன் நம்பர் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்கள். எங்கள் பட்டியலில் உரிமையாளர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் முடியும், மற்ற நாள் ஷிஃப்ட் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் தங்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்த நிறுவனத்தார் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் எழுதவேண்டும்.