தறிக்காக உயர்ந்த கூரைகள்: லியோன் நகரில் ஒரு நடை

பாரிஸைப் பார்த்து முடித்து, தெற்கே மார்செய், நீஸ் என்று கடற்கரை ஊர்களுக்குப் புறப்படும் பயணிகளில் பலர் லியோன் நகரை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். 1981இல் டிஜிவி அதிவேக ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பாரிஸிலிருந்து லியோனுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்தான். இருந்தும் அங்கே இறங்க யாருக்கும் தோன்றுவதில்லை. அஞ்சலட்டையில் அச்சிட்டால் உடனே ஊர்ப் பெயர் சொல்லும்படியான கோபுரமோ அரண்மனையோ அங்கே இல்லாதது காரணமாக இருக்கலாம். லியோனின் அழகு அதன் குடியிருப்புகளில் இருக்கிறது. ஜன்னல் ஏன் அவ்வளவு உயரம், ஒரு வீட்டின் நடை ஏன் அடுத்த தெருவில் போய்த் திறக்கிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தால், பல இடங்களில் பட்டு நெசவில்தான் விடை கிடைக்கும். ஆகவே, வழிகாட்டிப் பிரசுரங்கள் முதலில் அனுப்பும் ஃபூர்வியேர் குன்றைப் பிறகு வைத்துக்கொண்டு, குருவா-ரூஸ் குன்றிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. லியோன்காரர்கள் முன்னதைத் தொழும் குன்று என்றும், பின்னதை உழைக்கும் குன்று என்றும் சொல்வார்கள்.

ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்குக் கால் என்பதே இந்த ஊரில் வசதியான ஏற்பாடு. நகரசபைக் கட்டடத்துக்கு அருகிலிருந்து புறப்படும் சி தட மெட்ரோ, பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் ரயில். மேலே இறங்கியதும் அகன்ற சாலை ஒன்று வரும். திங்கள் தவிர மற்ற நாள்களில் காலையில் அங்கே சந்தை கூடும். சாலையின் கிழக்குக் கோடியில், சுரங்கம் தோண்டியபோது அகப்பட்ட பெரும் பாறை ஒன்றை மேடையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனியாறு உருட்டிக்கொண்டு வந்த பாறை அது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து ஆல்ப்ஸ் தெரியும்.

லியோனில் பட்டு நெசவு வேரூன்றியதற்கு அரசாணையே காரணம். இத்தாலியிலிருந்து பட்டு வாங்கிப் பணம் வெளியே போவதைத் தடுக்க விரும்பிய முதலாம் ஃபிரான்சுவா மன்னர், 1536இல் லியோனில் நெய்பவர்களுக்குச் சலுகைகள் வழங்கினார். தொடக்கத்தில் தறிகள் சோன் நதிக்கரையிலிருந்த பழைய வீடுகளில்தான் ஓடின. 1804 வாக்கில் லியோன்காரரான ஜோசஃப் மாரி ஜக்கார்டு தன் கருவியை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. தறியின் தலைக்கு மேல் உட்காரும் அந்தக் கருவிக்கு உயரமான கூரை வேண்டும். பழைய வீடுகளில் அது நுழையாது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலான மடங்களின் நிலம் குருவா-ரூஸில் காலியாக இருந்தது. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரக் கூரை, பருத்த மர உத்திரங்கள், வெளிச்சத்துக்காக நெடிய ஜன்னல்கள் என்று தறியை அளவெடுத்துக் கட்டிய மாதிரி வீடுகள் அங்கே வரிசையாக எழுந்தன. தறிக்குக் கிடைத்த இடம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. குடும்பம் படுத்தது பரண் மாதிரியான ஒரு தட்டில். இன்று இதே வீடுகள் வசதியானவர்கள் தேடி வாங்கும் வீடுகளாகிவிட்டன.

இவ்ரி தெருவிலுள்ள நெசவாளர் இல்லத்தில் கைத்தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. காஞ்சிபுரத்தில் சேலைக் கரைக்கும் முந்திக்கும் தறி மேல் மாட்டும் ஜக்கார்டு பெட்டியின் மூதாதை இங்கேதான் பிறந்தது. துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் கோத்துத் தொங்குகின்றன. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின் வரிசையில் மோதுகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடுவதால் அதற்குரிய கொக்கி தன் இடத்தில் நின்று, நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி விலகி, நூல் கீழேயே கிடக்கிறது. அந்த இடைவெளியில் நூல் தாங்கிய நாடாக் கட்டை ஓடி, ஊடை எனப்படும் குறுக்கு நூலை இட்டதும் அடுத்த அட்டை வருகிறது. முன்பு தறியின் பக்கத்தில் நின்று கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்த சிறுவர்களின் வேலையை இந்த அட்டைகள் எடுத்துக்கொண்டன. ஜக்கார்டுக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோக்கான்சோன் ஆகியோர் இந்த வழியில் முயன்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய யோசனைகளை ஒன்றுசேர்த்து, வேலைக்கு ஆகும்படி செய்ததே அவருடைய சாதனை. 1839இல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதன் பிரதி ஒன்றை, கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார்.

கனூக்கள் எனப்படும் இந்த நெசவாளர்களின் நிலைமை நமக்குப் புரியாத விஷயம் அல்ல. வணிகர் பட்டு நூலும் வடிவமும் கொடுப்பார்; நெசவாளர் சொந்தத் தறியில் வீட்டிலேயே நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். 1831 அக்டோபரில் மாவட்ட ஆட்சித் தலைவரின் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகர்கள் சிலர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பரில் குன்றிலிருந்து இறங்கிய நெசவாளர்கள், உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டு மடிவோம் என்ற முழக்கத்துடன் நகரத்தையே சில நாள்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். ராணுவம் வந்தது, கூலிப் பட்டியல் ரத்தானது. 1834இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சியில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு கொல்பேர் சதுக்கத்தின் 9ஆம் எண் வாசலுக்குள் நுழையுங்கள். கூர் தே வோராஸ் என்னும் அந்த முற்றத்தில், ஆறு மாடி உயரத்துக்கு முகப்பிலேயே வளைந்து ஏறும் கல் படிக்கட்டு நிற்கிறது. அலங்காரம் எதுவும் கிடையாது. இருந்தும் லியோனில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

அந்த முற்றத்தின் வழியாகக் கீழ்த் தெருவுக்கு இறங்கிவிட முடியும். இவ்வாறு வீடுகளுக்குள் புகுந்து ஒரு தெருவையும் இன்னொரு தெருவையும் இணைக்கும் நடைகளுக்குத் த்ராபூல் என்று பெயர். நகரில் இவை நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் ஒரு பகுதியே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பழமையானவை சோன் நதிக்கரையில், வியூ லியோன் எனப்படும் பழைய நகரில் இருக்கின்றன. குன்றுக்கும் நதிக்கும் இடையே நெருக்கப்பட்ட அப்பகுதியில் தெருக்கள் நதிக்கு இணையாக நீள்கின்றன. குறுக்குத் தெருக்கள் குறைவு. அந்தக் குறையை வீடுகளே தீர்த்துவைத்தன. சேன்-ஜான் தெருவின் 54ஆம் எண் வீட்டில் நுழைந்து முற்றம் முற்றமாகக் கடந்தால் பஃப் தெருவின் 27ஆம் எண் கதவில் வெளிவரலாம். குருவா-ரூஸ் சரிவில் உள்ளவை பிற்காலத்தவை. மழையில் நனையாமல் பட்டுச் சுருள்களைக் கொண்டுபோக அவை உதவின என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தினருக்கும் இவை பயன்பட்டிருக்கின்றன. அந்த இயக்கத்துக்கான அருங்காட்சியகம் பெர்த்தலோ சாலையில், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போவின் தலைமையகமாக இருந்த அதே கட்டடத்தில் இயங்குகிறது.

த்ராபூல்களுக்குப் போவதென்றால் காலையில் போங்கள். வெளிக்கதவு மூடியிருந்தாலும், பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் திறக்கும். உள்ளே தபால் பெட்டிகள், குப்பைத் தொட்டிகள், யாரோ பூட்டி வைத்த சைக்கிள் எல்லாம் இருக்கும். தலைக்கு மேலே மறுமலர்ச்சிக் கால வளைவுகள் இருக்கும். குடியிருப்பவர்கள் நகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வழிவிட்டிருக்கிறார்கள் என்பதை மறந்து, முற்றத்தில் நின்று உரக்கப் பேசும் சுற்றுலாக் குழுக்களைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது. ஜ்விவ்ரி தெருவின் 8ஆம் எண் வீட்டு முற்றத்தில் ஃபிலிபேர் தெலோர்ம் 1536இல் கட்டிய மாடத்தையும் பார்த்துவிடுங்கள். தூண் தாங்காமல், மூலைகளில் கல்லை வளைத்து நிறுத்தியிருக்கிறார். இவ்வளவும் இடிபட்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதிக்குள் சாலை போட வேண்டும் என்ற திட்டம் இருந்தது. பழைய நகர்ப் பகுதிகளைக் காக்க 1962இல் வந்த மல்ரோ சட்டத்தின்கீழ் 1964இல் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வியூ லியோன் அறிவிக்கப்பட்டதால் அது தப்பியது. 1998இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

ஃபூர்வியேருக்கு வியூ லியோனிலிருந்து கயிற்று ரயில் இருக்கிறது. 1870இல் பிரஷ்யப் படை வராமல் காக்கும்படி நேர்ந்துகொண்டு எழுப்பிய பேராலயத்தின் உட்புறம் எனக்குக் கொஞ்சம் திகட்டியது; உள்ளூர்க்காரர்களே அதைக் கவிழ்த்துப் போட்ட யானை என்று கேலி செய்கிறார்கள். ஆலயத்தின் பின்புறத் திடலிலிருந்து சோன், ரோன் என்ற இரண்டு நதிகளும் நகரமும் விரியும் காட்சிக்காகப் போகலாம். கி.மு. 43இல் ரோமானியர் நிறுவிய லுக்தூனும் நகரின் அரங்கம் சற்றுத் தொலைவிலேயே சரிவில் கிடக்கிறது. ஒட்டியுள்ள அருங்காட்சியகம் குன்றுக்குள்ளேயே புதைத்துக் கட்டப்பட்டது. லியோனில் பிறந்த பேரரசர் கிளாடியஸ், கால் (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியின் பிரமுகர்களை ரோமானிய ஆட்சிமன்றத்தில் சேர்க்க வேண்டும் என்று கி.பி. 48இல் ஆற்றிய உரையைப் பொறித்த வெண்கலப் பலகை அங்கே இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஷோன் எனப்படும் உள்ளூர் உணவகங்களில் குடல், பன்றி இறைச்சி, ஆற்று மீன் கொழுக்கட்டை ஆகியவையே பிரதானம். சைவர்கள் மூலிகை கலந்த பாலாடைக்கட்டியையும், சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பால் செய்யும் பிரலீன் பணியாரத்தையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும்.

திரைப்படப் பிரியர்கள் டி தட மெட்ரோவில் மோன்ப்ளேசீர்-லூமியேர் நிலையத்துக்குப் போக வேண்டும். புகைப்படத் தகடுகள் செய்த தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதை திரைப்படத்தின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895 மார்ச்சில் படம்பிடித்தது அங்கேதான். படத்தில் வரும் கொட்டகையின் மிச்சத்தைக் காப்பாற்றித் திரையரங்கமாக்கியிருக்கிறார்கள். அது நிற்கும் தெருவின் பெயரே முதல் திரைப்படத் தெரு.

எப்போது போவது என்பதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. 1852 டிசம்பர் 8 அன்று ஃபூர்வியேரில் மாதா சிலை திறந்தபோது மக்கள் ஜன்னல்தோறும் அகல் ஏற்றியதன் தொடர்ச்சியான விளக்குத் திருவிழாவே புகழ்பெற்றது. ஆனால் அந்த நாள்களில் கூட்டம் தாங்காது, அறை வாடகையும் எகிறிவிடும். செப்டம்பரின் மூன்றாவது வார இறுதியில் பிரான்ஸ் முழுவதும் பாரம்பரிய நாள்கள் கொண்டாடப்படுகின்றன. வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்கள் சிலவற்றை அப்போது திறந்துவிடுவதால், லியோனுக்கு நான் சிபாரிசு செய்வது அந்த வாரத்தைத்தான்.