ஷியாமென், புதுத்தெருவுக்கு இரண்டு கூரை தள்ளி

பிப்ரவரி 26
படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் குழந்தையின் நஞ்சுக்கொடி ரொம்பக் கீழே இருக்கிறதாம். விமானம் கூடாது, படி ஏறக்கூடாது, வாளி தூக்கக்கூடாது. சரி.

பிப்ரவரி 27
சுவர் வியர்க்கிறது. இந்த ஊரில் வசந்தம் வந்தால் இப்படித்தான். தரை ஓட்டில் தண்ணீர் பூக்கிறது, முந்தாநாள் துவைத்த துணி இன்னும் ஈரம். தலையணையை உயர்த்தி வைத்தால் இரண்டு கூரைக்கு அப்பால் புதுத்தெரு தேவாலயத்தின் உச்சி தெரிகிறது. சீனாவில் புராட்டஸ்டண்டுகள் கட்டிய முதல் ஆலயம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது நிற்பது 1930களில் திரும்பக் கட்டியது. முதல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாள் 1849 பிப்ரவரி 11. அதைக் கட்டி எழுப்பப் பாடுபட்டவர் வில்லியம் போல்மன் என்ற அமெரிக்க மிஷனரி. அதே வருஷம் ஜனவரியில், ஹாங்காங்கிலிருந்து திரும்பி வரும் வழியில் கப்பல் விபத்தில் மூழ்கிப்போனார். ஒரு மாதம். இன்னும் ஒரே ஒரு மாதம் இருந்திருந்தால் அந்தக் கதவு திறப்பதைப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 28
போல்மன்.

மார்ச் 2
அசைவை எண்ணினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் பதினொன்று.

மார்ச் 4
படித்திருக்கவே கூடாது. போல்மனும் இன்னொரு மிஷனரி எலைஹு டோட்டியும் 1844-இல் போர்னியோவிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர்கள். அடுத்த வருஷமே, சில நாள் இடைவெளியில், இரண்டு பேருடைய மனைவிகளும் எதிரே இருக்கும் குலாங்யூ தீவில் இறந்துபோனார்கள். தியோடோசியா போல்மன், எலினோர் டோட்டி. ஆண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, இவர்களுக்கு ஒரு வரிதான். எந்த அறையில் படுத்திருந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், அந்த வீட்டிலும் சுவர் இப்படி வியர்த்ததா, எதுவும் இல்லை. அதற்கடுத்த வருஷம், 1846-இல், முதல் ஞானஸ்நானம், இரண்டு பேருக்கு. அதையும் அந்தப் பெண்கள் பார்க்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "ஏன் இதையெல்லாம் இப்போ படிக்கிற" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 7
கீழ் வீட்டு அமா வந்தார். (இங்கே பாட்டியை அமா என்பார்கள்.) கஞ்சி கொண்டுவந்தார், கூடவே துணியில் சுற்றி அவருடைய அம்மாவின் பைபிள். பிரித்தால் சீன எழுத்தே இல்லை! முழுக்க ரோமன் எழுத்து, தலைக்கு மேல் குட்டிக் குட்டிக் கோடுகள், குரல் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. இந்த ஊர் ஹொக்கியன் பேச்சை அப்படியே எழுதும் முறை. 'பே-ஓ-ஜி', பேச்சு எழுத்து. ஒரு 'ஓ'வுக்கு வலது தோளில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். நம்ம மெய்யெழுத்துப் புள்ளி மாதிரியே இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

ஜான் டால்மேஜ் என்ற மிஷனரி 1852-இல் இந்த எழுத்துக்கு ஒரு பாலபாடப் புத்தகம் போட்டார். ஆயிரக்கணக்கான சீன எழுத்தை மனப்பாடம் செய்ய வருஷக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவேண்டும், பெண்களை அங்கே யார் அனுப்பினார்கள்? இதைச் சில மாதத்தில் படித்துவிடலாம். அமாவின் அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லையாம், ஆனால் வெளியூர் போன மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடல் தாண்டித் தைவானுக்கும் போய், 1885-இல் தைனானில் இதே எழுத்தில் ஒரு பத்திரிகையே வந்திருக்கிறது.

அமா ஒரு சங்கீதம் வாசித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எங்கே மூச்சு விடுகிறார் என்பதை வைத்து அது இருபத்துமூன்றாம் சங்கீதம் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

மார்ச் 8
பைபிளை என்னிடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரசவம் முடிந்து கொடு என்று சைகையில் சொன்னார்.

மார்ச் 10
தூக்கம் இல்லை. இடது பக்கமே படுத்துப் படுத்து இடுப்பு மரத்துவிட்டது.

எங்கள் ஆயா ராணிப்பேட்டை ஸ்கடர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மிஷனரிக் குடும்பத்தை, ஸ்கடர்களை, அனுப்பியதும் டால்மேஜை அனுப்பியதும் ஒரே சபைதான், அமெரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை. ஆற்காடு மிஷன், அமாய் மிஷன் (ஷியாமெனின் பழைய பெயர் அமாய்), இரண்டும் 1857-இல் ஒன்றாகத்தான் அந்தச் சபையின் நேரடிப் பொறுப்புக்கு வந்தன. எத்தனை முறை இந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன், இது தெரியாமலே.

அதே 1857-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் உத்தரவும் வந்தது. அமாய் விசுவாசிகளை நம்ம சபையின் கிளையாகத் தனியாக அமையுங்கள் என்று. இங்கே ஆங்கிலேய பிரஸ்பிட்டேரியன்களும் இவர்களும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்து ஒரே சபையாக வளர்த்திருந்தார்கள். டால்மேஜும் மற்றவர்களும் முடியாது என்றார்கள். எங்கள் நாட்டுப் பிரிவினைகளை இவர்கள் தலையில் ஏன் கட்டவேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். 1862-இல் இரண்டு மிஷனின் சபைகளும் சேர்ந்து ஒரே மன்றம் அமைத்தார்கள், 1863-இல் இரண்டு சீனரைப் போதகர்களாக அபிஷேகம் செய்தார்கள். மறுபடி அங்கிருந்து கண்டிப்பாகச் சொன்னபோது, அப்படியானால் எங்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். 1864-இல் அங்கே இறங்கிவந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஆலயங்களைவிட இதுதான். சம்பளம் கொடுப்பவனிடம், இது உன்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊரில் பல சபைகள் ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. வர 1947 ஆனது.

மார்ச் 12
இவருக்குக் கல் கண்காட்சி வேலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்லாப் வந்து துறைமுகத்தில் நிற்கிறது, போன் ஓயவில்லை. என் மேல் எரிந்து விழுந்தார். நானும் விழுந்தேன்.

மார்ச் 13
இங்கே திங்கட்கிழமைக்கு 'லேபாய் ஒன்று', செவ்வாய்க்கு 'லேபாய் இரண்டு' என்று சொல்கிறார்கள். லேபாய் என்றால் ஆராதனை. கோயில் பக்கமே போகாத மீன்காரர்கூட நாளை ஆராதனையிலிருந்துதான் எண்ணுகிறார்.

மார்ச் 15
முதலில் வந்த மிஷனரி டேவிட் ஏபீல் 1842 பிப்ரவரியில் குலாங்யூவில் இறங்கினார். அப்போது அந்தத் தீவு பிரிட்டிஷ் படையின் கையில். அபின் போர் முடியவேயில்லை. இதை மறைத்துவிட்டு ஆலயத்தைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. துப்பாக்கி போட்ட வழியில்தான் அவரும் நடந்தார், இங்கே இருந்தவர்களும் அதை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். அதே ஏபீல்தான் சூ ஜியூ என்ற அதிகாரிக்கு உலக வரைபடம் காட்டி விளக்கினவர். சூ ஜியூ அதிலிருந்து ஒரு பெரிய பூகோள நூலே எழுதினார். அதில் வாஷிங்டனைப் பற்றி எழுதிய வரிகளைக் கல்லில் வெட்டி 1853-இல் நிங்போவிலிருந்து அனுப்பினார்கள், வாஷிங்டன் நினைவுத் தூணுக்குள் அந்தக் கல் இருக்கிறது. இவரிடம் சொன்னதும் முதல் கேள்வி, "என்ன கல்லு?" மூன்று நாள் கழித்து இன்றுதான் சிரித்தோம்.

மார்ச் 18
குலாங்யூ ஞாபகமாகவே இருக்கிறது. வண்டி ஓடாத தீவு, எங்கிருந்தோ பியானோ சத்தம். எண்கோண மண்டபமும் குவிமாடமும் உள்ள பாகுவா மாளிகை, இப்போது ஆர்கன் அருங்காட்சியகம், அதை வரைந்தவர் ஜான் ஓட்டே. அவர் டாக்டர். 1898-இல் தீவில் நம்பிக்கை என்ற பெயரில் ஆஸ்பத்திரி திறந்தவர். 1910-இல் நோயாளியிடமிருந்து பிளேக் தொற்றி இறந்துபோனார். மாளிகை அப்போது முடியவில்லை. ஓட்டேயும். எல்லாரும் பாதியில்.

மார்ச் 21
ஸ்கேன். நஞ்சுக்கொடி நகரவில்லை.

மார்ச் 22
லின் சியாவ்ஜி 1901-இல் குலாங்யூவில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயைப் பறிகொடுத்தவர், அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்று. கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் படித்து, பீஜிங்கில் மகப்பேறு மருத்துவராகி, கல்யாணமே செய்துகொள்ளாமல் 50,000க்கும் மேல் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். ஜனவரியில் தீவுக்குப் போனபோது அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலைக்கு முன்னால் நின்றேன், யார் என்றே தெரியாமல் வெயிலுக்காக நின்றேன். இப்போது மனதில் அந்தச் சிலையின் கைகளைத்தான் பார்க்க முயல்கிறேன், எப்படி வைத்திருந்தார் என்று ஞாபகம் வரவில்லை.

மார்ச் 24
அமாவின் பைபிளில் நடுவில் ஒரு காய்ந்த இலை. எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொண்டேன், இடம் மாறக்கூடாது.

மார்ச் 25, விடியற்காலை 4.40
உதிரம். வலி இல்லை. இவர் வண்டி பிடிக்க இறங்கியிருக்கிறார். அமா கீழே விளக்குப் போட்டுவிட்டார். அசைகிறது, இரண்டு, மூன்று