பழைய ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் 3 லட்சத்தை அம்மா போட்ட இடம் முன்பின் தெரியாத கம்பெனி இல்லை. பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், குலதெய்வக் கோயில் கணக்கு பார்ப்பவர், அவர்தான் வீட்டுக்கு வந்து கம்பெனிக்காக வாங்கிக்கொண்டு போனார். "நானும் போட்டிருக்கேன் சித்தி, லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம்." முதலில் 1 லட்சம் போட்டு நாலு மாதம் சரியாக வந்தது. அந்த நம்பிக்கையில் இன்னும் 2 லட்சம். அதன்பின் இரண்டே மாதம்தான் வந்தது, ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள்.

நான் கோட்டை விட்டதும் ஒன்று உண்டு. ஆபீஸ் சுவரில் கம்பெனிப் பதிவுச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சரி என்று நினைத்தேன். கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, ஜனங்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி வேறு. அந்த அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் தேட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

புகார் கொடுக்கப் போனபோதுதான் உண்மையான அலைச்சல். எங்கள் ஊர் ஸ்டேஷனில், "இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தது என் தப்பு. வக்கீல் நண்பர் ஒருவர்தான் சொன்னார்: தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நேராகப் போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போ. கம்பெனியின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

பஸ் பிடித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: "ஒரிஜினல் பாண்டு எங்கே?"

பாண்டு என்றால் பணம் வாங்கியதற்குக் கம்பெனி கொடுத்த ரசீதுப் பத்திரம். முதல் லட்சத்துக்கானது எங்களிடம் இல்லை. இரண்டாவது தடவை பணம் கொடுத்தபோது, "பழசைக் கொடுங்க, மூணு லட்சத்துக்கும் சேர்த்து ஒரே பாண்டாகப் போட்டுத் தர்றோம்" என்று அண்ணன் வாங்கிப் போனார். புதிது வரவே இல்லை. ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை. அன்று வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் பால் கணக்கு நோட்டு. பின்னட்டையில் தேதி, தொகை, யார் கையில் கொடுத்தது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு பேங்க்கில் ஸ்டேட்மென்ட் வாங்கி சீல் போட்டுக்கொண்டோம். பணம் எடுத்தது, வட்டி ஜிபேயில் வந்தது எல்லாம் ஒத்துப்போனது. வந்த 80,000 ரூபாயையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றார்கள், எழுதினோம். ஏற்கெனவே பதிந்திருந்த வழக்கில் எங்கள் புகாரும் சேர்ந்துவிட்டது. புகார் ரசீதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது.

இதையெல்லாம்விடப் பெரிய தடை சொந்தக்காரர்கள். "நம்ம பையன்மேலயே கேஸா? கோயில்ல எப்படி முகம் பார்ப்பீங்க?" என்று பெரியம்மா அழுதார். பெரியப்பா இன்னும் பேசுவதில்லை. அண்ணனும் தன் பணத்தை இழந்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீடு பணம் போட்டிருக்கிறது, புகார் கொடுத்தது மூன்றே வீடு. மற்றவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். புகார் கொடுக்காதவர் பெயர் பணம் திரும்பக் கிடைப்பவர்கள் பட்டியலில் எப்படி வரும்?

எதிர்வீட்டு அத்தை நேற்று ராத்திரி, மாமாவுக்குத் தெரியாமல், ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இரண்டு ஒரிஜினல் பாண்டு. முதல் வேலையாக ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.