வழித்துணை

எங்கள் அம்மாவுக்கு வானதூதர் என்ற சொல் வாயில் வரவே வராது. கடைசி வரைக்கும் சம்மனசுதான். பழைய செபப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். அப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். விடிவதற்கு முன்னால் அவர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து நெற்றியில் சிலுவை போட்டுவிடுவாள். அவர் தெருமுனை திரும்பும் வரை நின்று எதையோ முணுமுணுப்பாள். "என்னம்மா சொல்லுத?" என்று ஒருநாள் கேட்டேன். "என் சம்மனசையும் கூட அனுப்பி வைக்கேன். கடல்ல ரெண்டு பேரு துணை இருந்தா நல்லதுதான" என்றாள்.

அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது அக்காவைப் பார்க்க இத்தாலிக்குப் போனேன். அக்கா கன்னியர் மடத்துச் சகோதரி. தெற்கே ஃபோஜ்ஜா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி. "உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும் தம்பி, அம்மா பார்த்திருக்க வேண்டிய இடம்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். அக்டோபர் 2, காவல் தூதர்களின் திருநாள். ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு தூதர் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அன்றைக்கென்றே விடுப்பு வாங்கி வைத்திருந்தாள்.

மொந்தே சாந்தாஞ்ஜெலோ என்றால் தூய வானதூதர் மலை என்று பொருள். கார்கானோ மலைத்தொடரில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிறிய ஊர். பேருந்து வளைந்து வளைந்து ஏற, ஒலிவ மரங்கள் கீழே போயின, மான்ஃப்ரெடோனியா வளைகுடா நீலமாக விரிந்தது. ஒரு திருப்பத்துக்கு அப்புறம் பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அங்கே அதிதூதர் மிக்கேலின் குகைக் கோவில் இருக்கிறது. கோவில் என்றதும் நான் அண்ணாந்து பார்த்தேன். இங்கே கீழே இறங்க வேண்டும். வாசல் வளைவின் மேல் லத்தீனில், 'இது அச்சம் தரும் இடம், இறைவனின் இல்லம், விண்ணகத்தின் வாயில்' என்று எழுதியிருக்கிறது. விவிலியத்தில், விண்ணை எட்டும் ஏணியைக் கனவில் கண்டு விழித்த யாக்கோபு சொன்ன வார்த்தைகள். அங்கிருந்து பாறைக்குள் 86 படிகள். அசிசியின் புனித பிரான்சிஸ் 1216-இல் இங்கே வந்தபோது, உள்ளே போகத் தனக்குத் தகுதியில்லை என்று வாசலிலேயே மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டுத் திரும்பினாராம். அதை அக்கா சொன்னபோது எனக்குக் கால் எழவில்லை. "நீ வாலே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

இந்தக் குகையின் வரலாறு ஒரு தொலைந்த காளை மாட்டில் தொடங்குகிறது. 490-ஆம் ஆண்டு என்பது மரபு. மாட்டைத் தேடிவந்த செல்வந்தர் அதைக் குகை வாயிலில் கண்டு, கோபத்தில் அம்பு எய்கிறார். அம்பு திரும்பி வந்து எய்தவரையே தைக்கிறது. பக்கத்துச் சிப்பொந்தோ நகரத்தின் ஆயர் மூன்று நாள் நோன்பிருக்கச் சொல்ல, அதிதூதர் மிக்கேல் அவருக்குத் தோன்றி, அந்தக் குகை தன் காவலில் இருப்பதாக அறிவிக்கிறார். 493-இல் குகையை அர்ச்சிக்க, அதாவது ஆலயமாகப் புனிதப்படுத்த, ஆயர் கிளம்பியபோது, 'அதை நானே செய்துவிட்டேன்' என்றாராம் மிக்கேல். அதனால் மனிதக் கை அர்ச்சிக்காத ஆலயம் என்று இதைச் சொல்கிறார்கள்.

படிகள் முடிகிற இடத்தில் ஒரு வெண்கலக் கதவு. 1076-இல் கான்ஸ்தாந்திநோபிளில் செய்து கடல்வழியாக வந்தது. அதில் 24 சதுரங்கள், வானதூதர்கள் மனிதர் வாழ்க்கையில் வந்துபோன நிகழ்ச்சிகள். தீச்சூளையில் மூன்று இளைஞர்கள், சிறையில் பேதுரு. கதவிலேயே ஒரு வேண்டுகோளும் பொறித்திருக்கிறது. இந்தக் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைத்துப் பளபளப்பாக வைத்திருங்கள் என்று கோவில் பொறுப்பாளர்களுக்குச் சொல்கிறார்கள். 'மன்றாடிக் கேட்கிறோம்' என்ற தொனியில் இருக்கிறது அது. வீட்டு வாசலைத் தினமும் துடைத்துவைக்கச் சொல்லும் பெரியவர்களின் குரல் போல எனக்குக் கேட்டது.

பேதுருவின் சதுரத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 12-ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. சங்கிலியோடு தூங்கிக்கொண்டிருக்கிற பேதுருவை வானதூதர் விலாவில் தட்டி எழுப்புகிறார். அப்புறம் என்ன சொல்கிறார் பாருங்கள்: இடைக்கச்சையைக் கட்டு, செருப்பைப் போடு, மேலாடையைப் போர்த்திக்கொள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிற அம்மா மாதிரி! ஒரு தெரு தூரம் கூட வந்துவிட்டு மறைகிறார். மிச்ச தூரம் பேதுருவுக்குத் தெரிந்த வழி.

குகைக்குள் குளிர். பாறைக் கூரை ஈரமாக இருந்தது. 1507-இல் செதுக்கிய மிக்கேலின் பளிங்குச் சிலை, வாள் ஓங்கிய கை, காலடியில் குரங்கு முகமும் பாம்பு வாலுமாகச் சாத்தான். ஆனால் அதிதூதரின் முகம் மீசை முளைக்காத பையனின் முகம். திருப்பலியில் அன்றைய நற்செய்தியை அக்கா என் காதில் தமிழில் சொன்னாள். இச்சிறியோருள் ஒருவரையும் இழிவாகக் கருதாதீர்கள், அவர்களுடைய வானதூதர்கள் விண்ணகத்தில் என் தந்தையின் முகத்தை எப்போதும் காண்கிறார்கள். மத்தேயு 18:10. அம்மாவின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

வெளியே வரும் வழியில் பாறையில் கை வடிவங்கள். பல நூற்றாண்டுகளாக வந்த பயணிகள் தங்கள் கையை வைத்து, விரல்களைச் சுற்றிக் கோடு கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று மிகச் சிறியது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. விரலைவிட விரலின் இடைவெளி ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தப் பிள்ளையை யார் தூக்கிப் பிடித்திருப்பார்கள்?

வெளியே வாசலில் உட்கார்ந்து, தேனும் பாதாமும் வைத்த மெல்லிய அப்பம் சாப்பிட்டோம். பக்கத்து ஊர் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ. புனிதர் என்று போற்றப்படும் துறவி பாத்ரே பியோ 1916 முதல் 1968-இல் இறக்கும் வரை வாழ்ந்த ஊர். நேரில் வர முடியாதவர்களிடம், 'உன் காவல் தூதரை என்னிடம் அனுப்பு' என்பாராம் அவர். அக்கா இதைச் சொல்ல, நான் அம்மாவை நினைத்தேன். அவள் பாத்ரே பியோவைக் கேள்விப்பட்டதே இல்லை.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கார்த்திகையில் அப்பாவின் வள்ளம் சாயங்காலம் கரைக்கு வரவில்லை. மிஷின் நின்று, இரவெல்லாம் நீரோட்டத்தில் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த வள்ளத்துக்காரர் அந்தத் திசைக்கே போகிறவர் இல்லை. காணாமல்போன வலையைத் தேடிப் போயிருக்கிறார். வலை கிடைக்கவில்லை, நாலு ஆள் கிடைத்தார்கள். அம்மா காப்பியை முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள், அப்புறம்தான் அப்பாவுக்கு. "சம்மனசு கூட்டியாந்த ஆளு" என்றாள்.

விவிலியத்தின் தோபித்து நூலில் இதேதான் நடக்கிறது. மகனை நெடும் பயணம் அனுப்பும்போது தோபித்து ஒரு வழித்துணையை அமர்த்துகிறார், நாளுக்கு ஒரு திராக்மா கூலி. அழுகிற மனைவியைத் தேற்ற, நல்ல வானதூதர் ஒருவர் அவனோடு போவார் என்கிறார். கூலி பேசிய ஆளே அதிதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது! நாயும் கூடவே போகிறது. சிறகோடும் ஒளிவட்டத்தோடும் வானதூதரைத் தேடுகிறவர்கள் இந்த நூலை ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பேன்.

ஒரு கேள்வியை அக்காவிடம் கேட்டேன். வெகுநாளாக உள்ளே கிடந்தது. அதே வருடம் எங்கள் தெருவில் ஒருவர் கடலிலிருந்து வரவே இல்லை. அவர் வீட்டிலும் சம்மனசு செபம் சொன்னார்கள். "அவருக்குத் துணை போகலையாக்கா?"

அக்கா சட்டென்று பதில் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். "ஒலிவ மலையில ஆண்டவருக்கும் ஒரு தூதர் வந்தாரே தம்பி. பாடுகளின் கிண்ணத்தை எடுத்துட்டுப் போகலை. திடப்படுத்தினார், அவ்வளவுதான். ஏழை லாசர் செத்தப்ப, தூதர்கள்தான் தூக்கிட்டுப் போனாங்க. துணை கரைக்கு மட்டும்னு எங்க எழுதியிருக்கு?" பனி விலகிக் கீழே கடல் தெரிந்தது. அந்த மனிதருக்காக இருவரும் மாதாவை நோக்கி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னோம்.

மறுநாள் ஃபோஜ்ஜா ரயில் நிலையத்தில் அக்கா வழக்கம்போல் என் நெற்றியில் சிலுவை போட்டாள். அப்போதுதான் உறைத்தது. அம்மா போனபிறகு அக்காவுக்குத் துணை அனுப்ப வாசலில் நிற்கிறவர் யார்? "நீ கொஞ்சம் குனி" என்றேன். அவள் முக்காட்டுக்குக் கீழே, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். அக்கா நிமிரவே இல்லை, சற்று நேரம் அப்படியே நின்றாள்.

ரயில் நகர்ந்தது. நடைமேடை கண்ணுக்கு மறையும் வரை கதவோரம் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.