மருமகனுக்கு ஒரு பிலிம் ரோல்

ஜூன் 8, 2025, ஞாயிறு. செங்கோட்டை

தங்கை மகன் புனலூரிலிருந்து தன் தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 காமிராவோடு வந்திருக்கிறான். என்ன பிலிம் வாங்குவது என்று என்னிடம் கேட்டாலும், சினிமா பிலிமைச் சிறு டப்பாக்களில் சுற்றி விற்கும் ஒரு ரோலை அவன் மனம் ஏற்கெனவே தேர்ந்துவிட்டது. "விலை கம்மி மாமா" என்கிறான். எந்தப் பிலிம் என்பதற்கு முன்னால், அதைக் கழுவித் தருபவர் யார் என்று கேட்க வேண்டும் என்றேன். கடைகளில் கிடைக்கும் கலர் நெகட்டிவ் சி-41 முறையில் கழுவப்படுவது. சினிமா நெகட்டிவுக்கு உரியது ஈசிஎன்-2. சினிமா பிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்னும் கரும்பூச்சு இருந்து, அது தெரியாமல் சி-41 இயந்திரத்துக்குள் போய்விட்டால், பூச்சு கரைந்து ரசாயனத்தில் கலந்து, அடுத்து வருபவரின் கல்யாணப் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஜூன் 9, திங்கள்

தென்காசியில் பழகிய ஸ்டுடியோவில் விசாரித்தேன். "மெஷினை எடைக்குப் போட்டு வருஷக்கணக்காச்சு சார்" என்றார் உரிமையாளர். இனி கூரியரில் பெருநகரத்து லேபுக்கு அனுப்புவதுதான் வழி. தொலைபேசியில் கேட்ட லேபில் சி-41, கறுப்பு வெள்ளை இரண்டையும் கழுவுகிறார்கள். கழுவியதுமே உண்மை நிறத்தில் படம் தெரியும் ஸ்லைடு பிலிமுக்கு வேண்டிய ஈ-6 முறை இல்லை. ஸ்லைடு எப்படியும் தொடக்கக்காரருக்கு ஆகாது, ஏனெனில் வெளிச்சக் கணக்கில் அரை ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) தவறினாலே படத்தில் தெரிந்துவிடும். நெகட்டிவோ, குறிப்பாக வெளிச்சம் கூடிப்போனால், தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும்.

ஜூன் 12, வியாழன்

பிலிமின் வேகம், அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பதியும் திறன், எவ்வளவு வேண்டும் என்பதை நம் ஊர் வானமே முடிவு செய்கிறது. அந்த வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் இரட்டிக்கும்போது ஒரு ஸ்டாப் வெளிச்சம் மிச்சமாகும். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-இல் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, ஒரு வினாடியை ஐஎஸ்ஓ எண்ணால் வகுத்தால் வருவதற்கு நெருக்கமாக வைப்பது பழைய கணக்கு. 400 பிலிமுக்கு 1/500 வினாடி போதும், இந்தக் காமிராவோ 1/1000 வரை போகும், ஆகவே வெயிலில் திண்டாட்டம் இல்லை. ஆனால் அவன் எடுக்க விரும்புவது குற்றாலத்துச் சாரலையும் ஆரியங்காவு மரநிழலையும். அடர்ந்த நிழலில் 400 பிலிமுக்கு 1/60 தேவைப்படும் இடத்தில், 100 பிலிமுக்கு 1/15 ஆகிவிடும். அந்த ஷட்டர் வேகத்தில் கை அசையாமல் எடுப்பது பழகியவர்க்கே கடினம்.

எனவே 400. கலர் என்றால் கோடக் அல்ட்ராமேக்ஸ், கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். என் ஓட்டு எச்பி5-க்கே. வெளிச்சம் முன்பின் ஆனாலும் தாங்கும் என்பதோடு, பின்னாளில் வீட்டிலேயே கழுவலாம்: சி-41 கரைசல் 38 டிகிரியில் துளியும் பிசகாமல் நிற்க வேண்டும், கறுப்பு வெள்ளைக்கு வழக்கமான 20 டிகிரியை ஐஸ்கட்டி போட்டுச் சமாளிக்கலாம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' ரோல்கள் கிடைத்த காலம் போய், இப்போது கறுப்பு வெள்ளைக்கும் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருக்கிறது. காலாவதியான ரோல்கள் பழைய நினைவுக்காகவே விலைபோகின்றன; பழகும் கைக்கு அவை வேண்டாம், படம் மங்கினால் குற்றம் பிலிமுடையதா தன்னுடையதா என்று தெரியாது.

ஜூன் 18, புதன்

36 படம் வரும் எச்பி5 இரண்டு ரோல் வந்து சேர்ந்தது. வகைக்கொன்றாக வாங்கலாம் என்று கெஞ்சினான். ஒரே பிலிமில் பழகினால்தான் காமிராவின் குணம் பிடிபடும் என்று மறுத்துவிட்டேன். அட்டைப்பெட்டியில் காலாவதித் தேதியைப் பார்த்தோம். பிலிம் டப்பாவில் அதன் வேகத்தைக் காமிராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் குறியீட்டைக் கே1000 படிக்காது. ஷட்டர் சக்கரத்தின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பி 400-ஐ நாமே வைக்க வேண்டும். முதல் ரோலை மாட்டிச் சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னேன். திரும்பினால்தான் பிலிம் நகர்கிறது என்று பொருள்.

மற்றொன்று மூடிய டப்பாவில் ஃபிரிஜ்ஜுக்குப் போயிற்று. இந்த ஈரப்பதத்தில் எடுத்தவுடனே டப்பாவைத் திறந்தால் பிலிமில் நீர்த்துளி படியும் என்பதால், மாட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். முதல் ரோலின் நெகட்டிவ் லேபிலிருந்து வந்து, இருவரும் பார்த்த பிறகுதான் அதற்கு முறை.