செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

ஜூன் 14, சனி

காலையில் ஆரம்பித்த வேலை, இருட்டும் நேரத்தில் முடிந்தது. என் வண்டியில் இருப்பது 1.6 லிட்டர் காமன் ரெயில் டீசல் என்ஜின்: ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும், இன்ஜெக்டர்கள் அதிலிருந்து தெளிக்கும். பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட், அதைத் தாங்கும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாமே புதுசு. கிராங்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றினேன், எங்கும் முட்டவில்லை. கவரை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வெடிப்புகூட இல்லை.

வயிற்றைக் கலக்கியது. பெல்ட் பிசகினால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் என்ஜின் இது. ஆனால் வால்வு வளைந்திருந்தால் செல்ஃப் சத்தம் தாளம் தப்பும். கம்ப்ரஷன் இல்லாத சிலிண்டரின் முறை வரும்போது மட்டும் விறுக்கென்று ஓடும். நான் கேட்டது ஒரே சீரான சத்தம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் சோறு இறங்கியது.

எதிர்வீட்டுத் தம்பி ஸ்டார்ட் பண்ண உதவும் ஈதர் ஸ்ப்ரே டப்பாவோடு வந்தான். "ஏர் இன்டேக்ல கொஞ்சம் அடிச்சுப் பாக்கலாமாண்ணா?" வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஹீட்டர் ப்ளக் கனன்றுகொண்டிருக்கும் டீசலில் ஈதர் அடித்தால், உடையாமல் இருப்பதும் உடையும்.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்கேனர் போட்டேன். வந்த பிழைக் கோட் பி 0340: கேம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் கேம் சென்சார். 'கேம்' என்ற சொல் கண்ணில் பட்டதும் மீதியை நான் படிக்கவில்லை. பெல்ட் ஒரு பல் தாண்டிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

40 பல் உள்ள கேம் புல்லியில் ஒரு பல் என்றால் 9 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால், கிராங்கில் அது 18 டிகிரி. கண்ணுக்கே தெரிந்துவிடும். என் என்ஜினில் கிராங்கும் கேமும் சரியான நிலையில் இருந்தால் மட்டும் ஓட்டைக்குள் போகும் பூட்டு ஊசிகள் இரண்டும் வெண்ணெயில் கத்தி போல இறங்கின. மார்க்கில் துளிப் பிசகு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீண்.

ஜூன் 17, செவ்வாய்

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டார்: "சைலன்சர்ல வெள்ளப் புகை வருதா?" இல்லை என்றேன். "அப்ப இன்ஜெக்டர் டீசலே தெளிக்கல. பெல்ட்ட விட்டுட்டு அத பாரு தம்பி."

உண்மைதான். டீசல் உள்ளே போயும் எரியவில்லை என்றால் வெள்ளையாகப் புகைய வேண்டும். இடம் வேண்டும் என்று டீசல் ஃபில்டரின் குழாயைக் கழற்றியிருந்தேன், காற்று ஏறியிருக்கிறது. கை பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கினேன். முதலில் செல்ஃப் அடித்தபோது ரெயில் அழுத்தம் 50 பாரைத் தாண்டவில்லை, இப்போது 280. ஸ்டார்ட் ஆக அது போதும். பழைய ரோட்டரி பம்ப் வண்டியாக இருந்தால் பம்பின் டைமிங்கையும் சந்தேகப்பட்டிருப்பேன்; அதில் பம்ப் எப்போது தள்ளுகிறதோ அப்போதுதான் டீசல் தெளிக்கும். காமன் ரெயிலில் பம்ப் அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும், நேரத்தை என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு பார்த்துக்கொள்ளும்.

280 பார் வந்தும் புகை இல்லை.

ஜூன் 18, புதன்

இன்று ஸ்கேனரை நிதானமாகப் படித்தேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 230 காட்டுகிறது. அப்படியென்றால் கிராங்க் சென்சார் நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே, கேம் கிராங்க் சின்க் (இரண்டு சிக்னலும் சேர்ந்து பொருந்துவது): இல்லை. எந்த சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று ஈசியுவுக்குத் தெரியவில்லை. தெரியாமல் அது எந்த இன்ஜெக்டரைத் திறக்கும்?

ஞாயிறன்றே இதைத்தான் சொன்னது. பெல்ட் பிசகியிருந்தால் பி 0016 வந்திருக்கும்: இரண்டு சிக்னலும் வருகிறது, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். 0340 என்றால் கேம் சிக்னலே வரவில்லை. பயந்தவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

சென்சாரின் சாக்கெட்டில் 5 வோல்ட் இருக்கிறது, எர்த்தும் இருக்கிறது. மேல் கவரைக் கழற்ற வயர் இடைஞ்சலாக இருக்கிறதென்று சனிக்கிழமை சென்சாரையும் எடுத்தது அப்போதுதான் உறைத்தது. அதன் போல்ட் ஓட்டை நீளவாக்கில் இருக்கும், முன்னும் பின்னும் நகரும். ஏனோதானோவென்று பின்னால் தள்ளி முறுக்கியிருக்கிறேன். ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் சென்சாருக்கும் கேம் புல்லிக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் மேல். இந்த என்ஜினுக்கு 1.2 இருக்க வேண்டும். ஞாயிறன்று பெல்ட்டைத் திறந்தபோது இது என் மூக்குக்கு நேரேதான் இருந்தது.

1.2 வைத்து முறுக்கினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, பிறகு சுத்தம். அண்ணனுக்கு போனில் என்ஜின் சத்தத்தையே கேட்க வைத்தேன். "சென்சாரா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

ஜூன் 21, சனி

கூலன்ட் கொஞ்சம் இறங்கியிருந்தது, புது வாட்டர் பம்பில் காற்று நின்றிருக்கும். ஊற்றினேன். காலையில் குளிர்ந்த என்ஜின் அரைச் சுற்றில் பிடிக்கிறது. கோட் திரும்ப வரவில்லை. கவரில் ஒரு போல்ட் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது; எங்கே போட வேண்டியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.